மீட்டர் பெட்டியில் கை வைத்தவர்கள்

பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்கினால் டிரேவருக்குச் சோறு இறங்காது. உடனே வண்டியைப் பெட்ரோல் பங்க்குக்கு விடுவார். தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், போன் சார்ஜ், எல்லாவற்றிலும் இதே கதைதான். எந்த முள்ளும் நடுவில் நிற்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் மனிதர் எழுந்து ஓடுவார். அவருடைய மச்சான் ஜாய்சன் நேர் எதிர். டூத் பேஸ்ட் டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதை வழித்தெடுக்கிற ரகம். கடைசிப் பொட்டு வரை போய்ப் பார்க்காமல் எதையும் விடமாட்டான்.

இந்த இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறோம் என்று வந்து நின்றபோதே யூனிஸ் வேண்டாம் என்றாள். ஒருவர் கட்டிய புருஷன், இன்னொருவன் கூடப் பிறந்த தம்பி. இரண்டு பேரையும் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? ஆனால் கணக்கு டீச்சர் சொல்வதைப் பள்ளிக்கூடத்தில் கேட்பதோடு சரி, வீட்டில் யார் கேட்கிறார்கள்.

தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்து, யாரோ ஆசைப்பட்டுக் கப்பலில் வரவழைத்த கார் அது. இரண்டே சீட்டு, மடிக்கிற துணிக்கூரை, சிவப்பு நிறம். பெங்களூர் பிரேசர் டவுனில் டிரேவர் வீட்டு போர்ட்டிகோவில் நின்றது. தினமும் காலையில் டிரேவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அதற்குள் உட்காருவார். வண்டி எங்கும் போகாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காபியைக் குடித்து முடித்து, டம்ளரோடு இறங்கி வந்து ஆபீசுக்குக் கிளம்புவார். ஒரு நாள் இது தவறினால் அன்றைக்குக் கண்ணில் படுகிற எல்லோரிடமும் எரிந்து விழுவார். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

அதற்குத்தான் வினை வந்தது. வைட்ஃபீல்டில் ஜாய்சன் புது ஃப்ளாட் வாங்கினான். கிரகப்பிரவேச ஜெபம் முடிந்து பிரியாணி பரிமாறும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"அத்தான், எங்க பேஸ்மென்ட்ல ரெண்டு பார்க்கிங் ஸ்லாட் இருக்குது. வெயில் இல்ல, மழை இல்ல, ஒயரைக் கடிக்கிறதுக்கு எலி இல்ல. கார் இனிமே இங்க நிக்கட்டும்."

"மழை பெஞ்சா உங்க ஏரியா பேஸ்மென்ட் எல்லாம் ஏரி ஆகுது. கார்னு வாங்கினதை ஓடமா ஓட்டப் போறியா?"

"உங்க போர்ட்டிகோல சும்மனே காபி குடிக்கத்தானே அத்தான் அது நிக்குது?"

டிரேவர் கையில் எடுத்த கறியைத் தட்டிலேயே போட்டார். அன்றிலிருந்து இரண்டு மாதம் போனில் இதே பேச்சு. கடைசியில் யூனிஸ்தான் தீர்ப்புச் சொன்னாள்.

"மாலூர் தாண்டி அந்த ரேஸ் டிராக்குக்குப் போறீங்க இல்ல, அங்க ஓட்டிக் காட்டுங்க. யாரு சீக்கிரம் ஒரு சுத்து சுத்தி வர்றாங்களோ அவங்க வீட்டுல வண்டி நிக்கட்டும். அதுக்கப்புறம் இந்த வீட்டுல வண்டிப் பேச்சே வரக் கூடாது."

இரண்டு பேரும் சரி என்றார்கள். டிராக்குக்குப் போகும் முன்னால் வண்டியின் மீட்டர்களை மாற்றியே ஆக வேண்டும் என்பதிலும் இரண்டு பேருக்கும் அபூர்வமாக ஒரே கருத்து. கம்பெனி போட்டுக் கொடுத்த மீட்டர்கள் தெருவில் ஓட்டுவதற்கு. எஞ்சின் சூடு ஏறினாலும் அந்த முள் நடுவிலேயே சாய்ந்துகொண்டு எல்லாம் சௌக்கியம் என்று சொல்லும். நிஜமாகக் கொதிக்கும்போதுதான் வாயைத் திறக்கும். டிராக்கில் அது உதவாது. வளைவில் பாய்கிறவனுக்கு எண்களைப் படித்துக்கொண்டிருக்க நேரம் ஏது? அதனால் ரேஸ்காரர்கள் ஒவ்வொரு மீட்டரையும் திருப்பி வைத்துவிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் எல்லா முள்ளும் நேர் மேலே நிமிர்ந்து நிற்கும். ஏதாவது ஒன்று சாய்ந்தால் கண்ணில் குத்தும். எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டரில் சிவப்புக் கோடு ஆரம்பிக்கிற இடம் நேர் மேலே வரும். முள் நிமிர்ந்ததும் கியர் மாற்ற வேண்டியதுதான்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் அலைந்து சாமான் வாங்கி வந்தார்கள். யூனிஸின் சாப்பாட்டு மேஜையில் மீட்டர் பெட்டி குடல் தெரியக் கிடந்தது. அந்த வாரக் கடைசி முழுக்க மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். டிரேவர் டயல்களை வெட்டித் திருப்பி ஒட்டினார். சாதுவாகக் கிடந்த சூட்டு முள்ளை உள்ளதை உள்ளபடி சொல்ல வைக்கும் வேலையை ஜாய்சன் பார்த்தான். அத்தானும் மச்சானும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து சால்டரிங் வைப்பதைப் பார்த்து யூனிஸுக்கே மனசு இளகிப்போனது. எல்லோருக்குமாகப் பஜ்ஜி போட்டாள்.

அந்தப் பஜ்ஜியைத் தின்றுகொண்டே டிரேவர் ஒரு திருட்டு வேலைக்குத் திட்டம் போட்டார்.

ஜாய்சன் ஓட்டுகிற விதம் அவருக்கு அத்துப்படி. முள் சிவப்பைத் தொடாமல் அவன் கை கியருக்குப் போகாது. ஆர்.பி.எம். மீட்டரின் பின்னால் சர்க்யூட் பலகையில் மிளகு அளவுக்கு ஒரு திருகு இருக்கிறது. பிரீசெட் என்பார்கள். அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் முள் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். எஞ்சின் ஆறாயிரம் சுற்றும்போதே மீட்டர் சிவப்புக் கோட்டைத் தொட்டு ஏழாயிரம் என்று கூவும். ஜாய்சன் அவசரப்பட்டுக் கியரை மாற்றுவான். வண்டி முழு மூச்சு எடுப்பதற்குள் அடுத்த கியர், அதற்குள் அடுத்தது. அவன் நேரம் கெட்டுப்போகும். கார் போர்ட்டிகோவிலேயே நிற்கும்.

இது ஏமாற்று இல்லையா என்று மனசாட்சி கேட்கத்தான் செய்தது. பழைய எஞ்சின், இவன் விரட்டுகிற விரட்டில் வெடித்துவிட்டால் உதிரிப் பாகம் எங்கே போய்த் தேடுவது, எஞ்சினைக் காப்பாற்றத்தானே செய்கிறோம் என்று டிரேவர் அதற்கு ஒரு பதிலைக் கொடுத்து உட்கார வைத்தார். சனிக்கிழமை மத்தியானம் ஜாய்சன் பரோட்டா வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் திருகைத் திருப்பினார். அதிர்வில் நகராமல் இருக்க அதன் மேல் ஒரு சொட்டுப் பெயின்ட் பூச வேண்டும். கைக்கு அகப்பட்டது அலமாரியில் இருந்த யூனிஸின் நெயில் பாலிஷ். கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு வைத்து, ஊதிக் காய வைத்து, பலகையை மூடி, கை கழுவிக்கொண்டு வந்து பரோட்டாவுக்குக் காத்திருந்தார்.

மறுநாள் ஞாயிறு காலை சர்ச் பூசைக்குக் கிளம்பும்போது ஜாய்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை, நீங்க போய்ட்டு வாங்க என்றான். டிரேவர் கோயிலில் அவனுக்காக ஒரு மெழுகுவர்த்தி கூட ஏற்றினார். கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருந்ததால் பெரிய மெழுகுவர்த்தியாக ஏற்றினார்.

டிராக் நாளன்று ஜாய்சன்தான் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். பக்கத்தில் யூனிஸ். டிரேவர் டயரும் ஜாக்கியும் ஏற்றிய தன் இன்னொரு வண்டியில் பின்னால் வந்தார். தைலமரத் தோப்புகளுக்கு நடுவே சின்ன டிராக், காற்றில் ரப்பர் வாசனை. காசு சுண்டியதில் முதலில் ஓட்டும் முறை ஜாய்சனுக்கு விழுந்தது. டிரேவர் தகரக் கொட்டகை நிழலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். யூனிஸ் அதைக் கவனித்தாள். பரீட்சை ஹாலில் பின் பெஞ்சுப் பையன்களிடம் அவள் பார்த்துப் பழகிய சாந்தம் அது.

முதல் சுற்றில் ஜாய்சன் கியர் மாற்றும் சத்தம் சீக்கிரம் சீக்கிரமாகக் கேட்டது. டிரேவர் மனசுக்குள் சிரித்தார். இரண்டாவது சுற்றில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. வழக்கமாக அந்தப் பெரிய வளைவில் வால் ஆடிக்கொண்டு வருகிற கார், இன்று தண்டவாளத்தில் போவதுபோல் போனது. மூன்றாவது சுற்று முடிந்து நேரத்தைப் பலகையில் எழுதியபோது அவருக்குக் கால் ஆட்டம் நின்றுவிட்டது. ஜாய்சன் ஜென்மத்தில் இவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை.

அந்த எஞ்சினுக்கு ஆறாயிரத்துக்கு மேல் சத்தம்தான் உண்டு, இழுவை கிடையாது. இதை ஜாய்சனிடம் வருஷக்கணக்காகத் தொண்டை வறளச் சொல்லி வந்தவர் டிரேவர்தான். கியரைச் சீக்கிரம் மாற்று, வண்டி தானாக இழுக்கும் என்று. அவன் ஒரு நாளும் கேட்கவில்லை, திட்டம் போட்ட அவசரத்தில் சொன்னவருக்கே அது மறந்துபோயிருந்தது. இப்போது மீட்டர் சொன்னதும் கேட்டுவிட்டான். சொந்தக் கையால் திருகைத் திருப்பி அவனுக்கு டியூஷன் எடுத்திருக்கிறோம் என்று புரிந்தபோது டிரேவருக்கு அந்தத் தகரக் கொட்டகையிலேயே முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

போனது போகட்டும், நம் முறை இருக்கிறதே என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். மீட்டர் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர். மனசுக்குள் கழித்துக்கொண்டு ஓட்டினார். இரண்டு வளைவு அருமையாகப் போனது. மூன்றாவதில் சூட்டு முள்ளைப் பார்த்தார். நேராக நிற்க வேண்டியது வலது பக்கம் சாய்ந்திருந்தது. கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்துவிட்டது. முள் நிமிரவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று காலை அழுத்துவார். எஞ்சின் போய்விடும் என்று காலை எடுப்பார். கடைசி வரை இதே ஆட்டம். அவருடைய சிறந்த சுற்று ஜாய்சனுடையதைவிட இரண்டு வினாடி பின்னால் வந்தது.

"எஞ்சின் ரொம்ப சூடாயிடுச்சுடா," என்றார் இறங்கியதும்.

"அப்படியா அத்தான்? பாவம்," என்றான் ஜாய்சன். எஞ்சினைச் சொன்னானா அத்தானைச் சொன்னானா தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜாய்சன் வந்து காரை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த வாரம் டிரேவர் காபியைக் காருக்குள் குடிக்கும்போது ஒவ்வொரு வாயும் கசந்தது. போர்ட்டிகோ காலியாகிவிட்டால் காலையில் எங்கே போய் உட்காருவது? சோபாவிலா? நினைக்கவே துக்கமாக இருந்தது. ஆனால் துக்கத்தைவிட அவசரமான ஒரு விஷயம் இருந்தது. திருகு. ஜாய்சன் என்றைக்காவது பெட்டியைத் திறந்தால் நெயில் பாலிஷ் பல்லைக் காட்டும். காரும் போய் மானமும் போக வேண்டுமா?

சனிக்கிழமை காலை டிரேவர் மீட்டர் பெட்டியைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்து வைத்த அந்த நிமிஷம் வாசலில் ஜாய்சன் நின்றான். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான்.

"என்ன அத்தான் பண்றீங்க?" குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஒண்ணுமில்ல மச்சான். உள்ள ஒரு பல்பு லூசா இருக்குது. பார்த்து மாட்டிக் கொடுத்துடறேன்."

"அய்யோ, நீங்க ஏன் கஷ்டப்படறீங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நான் பார்த்துக்கறேன்."

"உனக்கு எதுக்குடா சிரமம். நீ உக்காரு, காபி குடி."

"காபி வேணாம் அத்தான். பெட்டியைக் கொடுங்க."

ஒருவர் ஒரு முனையைப் பிடித்தார், இன்னொருவன் மறு முனையைப் பிடித்தான். இரண்டு பேரும் புன்னகை மாறாமல் இழுத்தார்கள். இவன் ஏன் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிறான் என்று டிரேவருக்குச் சந்தேகம் வரவே இல்லை. தன் திருட்டை மறைப்பதிலேயே மனிதருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

யூனிஸ் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இங்கயே திறங்க. என் முன்னாடி."

"அக்கா, உனக்கு அடுப்புல..."

"அடுப்பை அணைச்சாச்சு. திற."

திருகாணிகள் ஒவ்வொன்றாக வந்தன. பின் மூடியைக் கழற்றியதும் டிரேவரின் உள்ளங்கை பலகையின் மேல் மூலையில் போய் உட்கார்ந்தது. அதே நொடி ஜாய்சனின் உள்ளங்கை கீழ் மூலையில் உட்கார்ந்தது. மேஜையில் ஒரே பலகை, அதன் மேல் இரண்டு கை. அப்போதுதான் டிரேவர் மச்சானின் கையைப் பார்த்தார். மச்சானும் அத்தானின் கையைப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் கையை எடுங்க," என்றாள் யூனிஸ், பரீட்சை ஹாலில் பிட்டுப் பேப்பர் பிடிக்கிற குரலில்.

எடுத்தார்கள். யூனிஸ் குனிந்து பார்த்தாள். அவளுக்கு பிரீசெட்டும் தெரியாது, ரெசிஸ்டரும் தெரியாது. ஆனால் கத்திரிப்பூ நிறம் தெரியும்.

"என் நெயில் பாலிஷ் இங்க எப்படி வந்துச்சு?"

டிரேவர் கூரையைப் பார்த்தார். ஜாய்சனுக்குத் தெரிந்துவிட்டது. "அத்தான், ஆர்.பி.எம்மைத் திருப்பி வச்சிருக்கீங்க."

"நீ உன் மூலையைச் சொல்லுடா." டிரேவர் பாய்ந்தார். கீழ் மூலையில், சூட்டு முள்ளுக்குப் போகும் கம்பியில், அவர் வைக்காத ஒரு ரெசிஸ்டர், மின்சாரத்தைத் தடுத்து முள்ளைச் சாய வைக்கும் சின்னத் துண்டு. நீல உறை போட்டு, நறுவிசாகச் சால்டர் செய்திருந்தது. நிறம் நிறமாக உறை வாங்கி வைத்திருப்பவன் அந்தக் குடும்பத்தில் ஒருவன்தான். எஞ்சின் சூடாகவே இல்லை. பூசைக்குப் போகாத அன்று வயிற்றுவலிக்காரன் உட்கார்ந்து செய்த வேலை. "உனக்கு நான் மெழுகுவர்த்தி வேற ஏத்தினேன்டா. பெரிய மெழுகுவர்த்தி."

"முள் கொஞ்சம் சாஞ்சாலே நீங்க காலை எடுத்துடுவீங்கன்னு தெரியும் அத்தான். சாரி. நீங்க எதுக்குத் திருப்பினீங்க?"

"உன்னை லேட் பண்ண."

ஜாய்சன் ஒரு கணம் யோசித்தான். அப்புறம் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்து டிரேவருக்கு எரிச்சல் வந்தது. "அப்ப அந்த டைம் வந்தது இதனாலயா?"

"காப்பி அடிச்ச பேப்பருக்கு மார்க் கிடையாது," என்றாள் யூனிஸ். "பந்தயம் கேன்சல். வண்டி எங்க நிக்கணும்னு இப்பவே ரெண்டு பேரும் பேசி முடிங்க. முடியலன்னா நாளைக்கே வித்துடறேன், நெயில் பாலிஷ் காசாவது வரட்டும்."

விற்பது என்றதும் டிரேவர் அரண்டுபோனார். என்ன செய்வதென்று தெரியாமல் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரால் நெயில் பாலிஷைச் சுரண்டி எடுத்தார். திருகைக் கம்பெனி வைத்த பழைய கோட்டுக்குத் திருப்பிவிட்டார். செய்த தப்பை அழித்தால் கொஞ்சம் நல்லவர் போலவாவது தெரியலாம் என்பதைத் தவிர அதில் வேறு யோசனை இல்லை.

"அத்தான், ஏன் எடுத்தீங்க?" ஜாய்சன் நிஜமாகவே பதறினான்.

"ஏன்டா, பொய் சொல்ற மீட்டர் உனக்கு எதுக்கு?"

"எனக்கு அந்தப் பொய் வேணும். முள் சிவப்புக்குப் போனாத்தான் என் கை கியருக்குப் போகுது. தெரிஞ்சாலும் அப்படித்தான்." சுவர்க் கடிகாரத்தைத் தானே பத்து நிமிஷம் வேகமாக வைத்துவிட்டு, தினமும் அதைப் பார்த்துப் பதறி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் இல்லையா, இவனும் அந்தக் கூட்டம்தான். "எவ்வளவு திருப்பினீங்க? கரெக்டா அதே இடத்துல வச்சுக் கொடுங்க அத்தான். என் பெஸ்ட் டைம் அது."

டிரேவர் ஸ்க்ரூ டிரைவரை மெதுவாக மேஜையில் வைத்தார். நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"அது பெரிய கணக்குடா," என்றார். "ஒரு மயிரிழை கூடினாலும் கெட்டுடும். உக்காந்து செட் பண்ணணும். வண்டி கைக்குப் பக்கத்துலயே நிக்கணும். வைட்ஃபீல்டுக்கு நான் தினமும் வர முடியுமா சொல்லு."

ஜாய்சன் போர்ட்டிகோவைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். கடைசிப் பொட்டு வரை வழித்தெடுக்கிறவனுக்கு இரண்டு வினாடியை விட்டுக்கொடுப்பது ஆகிற காரியமா?

"வண்டி இங்கயே நிக்கட்டும் அத்தான்," என்றான். "ஆனா டிராக்குக்கு முன்னாடி ரெடியா இருக்கணும்." சொல்லிவிட்டுத் தன் நீல ரெசிஸ்டரைத் தானே கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். இட்லி சாப்பிட்டுவிட்டு மெட்ரோவுக்குக் கிளம்பினான்.

அன்று டிரேவர் இரண்டாவது காபியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தார். மீட்டர் பெட்டி இல்லாத இடத்தில் கம்பிகள் தொங்கின. அவருக்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது. பக்கத்துச் சீட்டில் யூனிஸ் வந்து உட்கார்ந்தாள். கையில் நெயில் பாலிஷ் பாட்டில்.

"உண்மையைச் சொல்லுங்க. எவ்வளவு திருப்பினீங்க?"

"யாருக்குத் தெரியும்? பரோட்டா வர்றதுக்குள்ள அவசரத்துல ஏதோ ஒரு திருப்புத் திருப்பினேன்."

"அப்ப அவன் வந்து கேட்டா எங்க வச்சுக் கொடுப்பீங்க?"

டிரேவர் காபியை ஒரு வாய் உறிஞ்சினார். ஒரு வாரத்தில் முதல்முறையாக அது கசக்கவில்லை.

"எங்க வச்சாலும் அவன் சிவப்பை நம்பித்தான் ஓட்டுவான், அதே இடம்னு சொன்னாப் போச்சு," என்று சொல்லிவிட்டு, பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.